அடையோரத்து அறை

புது ராணித் தேனீ தேனடைமேல் நடந்து வந்தாள். மரப்பொந்துக்குள் இரைச்சல் அப்படியே அடங்கியது. தான் பிறந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னத் தேனீ, வேலையை மறந்து வாய் பிளந்து நின்றாள். எவ்வளவு நீளமான உடம்பு! என்ன நடை!

"அக்கா, இவங்க எங்கேயிருந்து வந்தாங்க?"

புழுக்களுக்கு ஊட்டும் செவிலித் தேனீ சிரித்தாள். "உன் பக்கத்து அறைதான்டி. ஒரே தாய், ஒரே நாள் முட்டை."

சின்னவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "பக்கத்து அறையா! ராணியாக்குற ராணிக்கூழை யாருக்கு ஊட்டணும்னு நீங்கதானே பார்த்தீங்க? புழுவா இருந்தப்பவே அவங்ககிட்ட அப்படி என்ன ராஜகளையைக் கண்டீங்க?"

"களையா? ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் புழு. பழைய ராணி திடீர்னு செத்துட்டா. கூடே அழியப்போகுதேன்னு எங்களுக்குப் பதற்றம். இவ இருந்த அறை அடையோரத்துல இருந்துச்சு, கீழே இழுத்துப் பெரிசாக்க வசதி. அதனால கூழை இவளுக்கே கடைசிவரைக்கும் ஊட்டினோம். உனக்குத் தேனும் மகரந்தமும் போதும்னு விட்டுட்டோம்."

"அந்தக் கூழாலதான் இவ்வளவு பெரிய உடம்பா?"

"பின்னே?"

அதற்குள் ராணி அருகே வந்துவிட்டாள். சின்னவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவள் துடைத்து வைத்த அறைக்குள் நொய்யரிசி போல ஒரு முட்டையை இட்டுவிட்டு ராணி நகர்ந்தாள்.

சின்னவள் குனிந்து அதையே பார்த்தாள். இதற்குள்ளும் அந்த நடை இருக்குமோ?

"அக்கா, இது யாரா வரும்?"

செவிலி முட்டையைப் பார்க்கவில்லை. அறை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"ஓரத்துல இல்லையே. வேலைக்காரிதான்."