பத்துச் சொடுக்கு

மோகனூரில் மாமனார் வெங்கடாசலம் இறந்ததும், அவருடைய இன்சுலின் பேனா மாமியார் அத்தாயிக்கு வந்தது. மருமகள் கோகிலவாணி அதில் புது மருந்துக்குப்பியும் புது ஊசியும் மாட்டினாள். அவருக்கு நாற்பது யூனிட், அத்தாயிக்குப் பத்துதான். கூடிப்போனால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பார்வை போன அத்தாயி, கோகிலவாணி பேனாவைத் திருகும்போது யூனிட்டுக்கு ஒன்றாக விழும் சொடுக்குகளைக் காதால் எண்ணுவாள்.

பத்துச் சொடுக்கு கேட்டது. பேனாவின் கண்ணாடியில் நாற்பது என்றிருந்தது. கோகிலவாணி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் திருகினாள். பத்துச் சொடுக்கு. நாற்பது.

"ஏன்டி, பத்து வரைக்கும் எண்ண உங்கப்பனூட்டுல சொல்லித் தரலியா?"

கோகிலவாணி கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தாள்.

"பத்துதானுங்க அத்தை."

அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். கோகிலவாணி நிதானமாக நாற்பது வரை எண்ணினாள்.