கதவு திறக்கும் ஏற்றம்

மலைமேல் டவர் வேலைக்குப் போகும் ஐந்து பேருக்காகக் காண்டிராக்டர் வாங்கிய டபுள் கேப் பிக்கப் தானே ஓடும், தானே முடிவும் எடுக்கும். ஏற்றத்தில் நான்கு பேரைத்தான் இழுக்கும் என்பதால், கரடுமுரடான ஏற்றம் தொடங்கும் இடத்தில் நின்று, அன்றைக்கு அதிக எடை உள்ளவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிடும். இறங்கியவருக்கு அன்று வேலை கிடையாது. இன்னொரு வண்டி ஐந்து பேரையும் ஏற்றுமாம். விலை கூடுதல் என்று அந்தக் காண்டிராக்டர் மகராசன் இதை எடுத்துவிட்டார்.

அந்த ஐவரில் ஒருவரான எங்கள் எதிர்வீட்டு இருதயராஜ் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். கூட வேலை செய்யும் நால்வரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? ஒவ்வோர் இலையாக எட்டிப் பார்த்தேன். கறிச்சோறு வைத்தது வைத்தபடியே இருந்தது. இத்தனைக்கும் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய ருசி.

“சாப்பிடுங்கடா, நம்ம புள்ள விசேஷம்” என்று கெஞ்சினார் இருதயராஜ்.

“நாளைக்கு எங்கள எறக்கிவிடப் பாக்குறியா மாப்ள?” என்றார் வேலுச்சாமி. யாரும் சிரிக்கவில்லை.

இருதயராஜ் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டார். அப்போதும் அந்த நான்கு இலைகளிலும் ஒரு கைகூட விழவில்லை.

மறுநாள் காலையிலேயே நடந்து திரும்பியவரை வாசலில் மறித்தேன்.

“ஒன்னைய எறக்கிவிட்டுருச்சாப்பா?”

“எறங்கத்தான்க்கா அம்புட்டு தின்னேன். நாந்தான் எறங்கப் போறேன்னு தெரிஞ்சாவது, அவனுங்க ஒரு வாய் சாப்பிடுவானுங்கன்னு பாத்தேன்.”