ஜோடி ஆட்டம்

கோல்ஃப் கிளப் செயலாளருக்குக் காலையிலிருந்து தலை நிமிர நேரமில்லை. ஜோடிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். கண்ணாடித் தடுப்பின் துளை வழியாக விண்ணப்பம் வாங்கி, விதிகளை ஒப்பித்து ஒப்பித்துத் தொண்டை வறண்டுவிட்டது. ஜோடியை மாற்றித் தரச் சொல்லி ஒருவர் அரைமணி நேரம் உயிரை வாங்கிவிட்டு இப்போதுதான் நகர்ந்தார். வெளியே இருந்த இரைச்சலில் எல்லார் குரலும் ஒரே மாதிரிதான் கேட்டது.

“அடுத்து யாருங்க?” என்றார், குனிந்தபடியே.

“ரெண்டு பேருக்கும் ஒரே பந்துதானா?” என்றது ஒரு பெண் குரல்.

“ஆமா மேடம். மாத்தி மாத்தி அடிக்கணும்.”

“அவர் புதருக்குள்ள அடிச்சிட்டா?”

“அங்கேருந்து நீங்கதான் அடிக்கணும்.”

“அது பழக்கந்தான். போன் வந்துச்சுன்னு அவர் பாதியில கிளம்பிட்டா?”

“ரெண்டு பேருமே அவுட். கடைசிக் குழி வரைக்கும் கூடவே இருக்கணும்.”

“அதுக்கு எவ்வளவு நேரமாகும்?”

“நாலு மணி நேரம்.”

“நாலு மணி நேரமா...” குரல் கொஞ்சம் தணிந்தது. “போட்டிய நடத்துறவங்களும் ஆடலாமா?”

“தடையில்ல மேடம்.” அலுப்போடு பேனாவை எடுத்தார். “பார்ட்னர் பேரைச் சொல்லுங்க.”

“கிளப் செயலாளர்னு எழுதிக்குங்க. வீட்டுல கேட்டா பேச நேரமில்லைங்கறார். அதான் ஒரு மணி நேரமா வரிசையில நிக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

இருபத்திரண்டு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்தும் மனைவி, கையில் விண்ணப்பத்தோடு நின்றிருந்தாள்.