எதிர்மனு போட்டவர்

அன்பரசு லேப்டாப் முன்னால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். மாடுகளுக்குப் போடும் சினை ஊசிக்கான உறைவிந்தை நைட்ரஜன் ஊற்றிக் குளிராக வைத்திருக்கும், புதுவகை மூடி போட்ட கேனுக்குக் காப்புரிமை கேட்டிருந்தான். யாரோ எதிர்மனு போட்டதில் இன்று வீடியோ விசாரணை. வந்த நோட்டீஸில் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருந்தான்.

"பொறாமை புடிச்சவன் எவனோ!"

"மூடி யாரு யோசனைன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க?" என்றாள் மனைவி அறிவுச்செல்வி.

"என்னுதுன்னுதான். நெலம், லாரி எல்லாமே ஆம்பளைங்க பேர்லதான இருக்குது? இதுல மட்டும் உம்பேரு எதுக்கு?"

அவள் காபியை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

திரையில் அதிகாரி வந்தார். "எதிர்மனு போட்டவர் இருக்காரா?"

இன்னொரு கட்டம் திறந்தது. முதலில் தெரிந்தது ஒரு செவலை மாடு. அன்பரசு வீட்டு மாடு! பக்கத்தில் செல்போனும் கையுமாக அவன் அப்பா காளியண்ணன்.

"இருக்கறனுங்க. அந்த மூடியக் கண்டுபுடிச்சது எம்மருமவ. பையன் அவ பேரை எழுதாம உட்டுட்டான். அதைச் சேர்க்கோணும், அவ்வளவுதானுங்க."

மாடு கத்தியது திரையிலும் ஜன்னலிலும் ஒன்றாகக் கேட்டது.

"உங்க பதில் என்ன, அன்பரசு?"

முகம் சிவந்தவனுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அறிவு, இங்க வந்து உக்காரு. மூடியப் பத்தி நீயே சொல்லு. மொதல்ல சாருக்கு உம்பேரைச் சொல்லு."