நிற்காத ரயில்

பள்ளி ரயில் எங்கும் நிற்பதில்லை. ஊரிலிருந்து புறப்படும் சிறுபெட்டி அதன் பக்கத்தில் ஒட்டி, அதே வேகத்தில் ஓடும். கதவுகள் திறந்ததும் மாணவர்கள் ரயிலுக்குள் போய்விடுவார்கள்.

ஜெனிபாவுக்கு இன்று முதல் நாள். சிறுபெட்டிக்குள் அப்பா சகாயராஜ் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "முந்நூறு கிலோமீட்டர் வேகம், டீச்சர்! எம்புள்ள விழுந்துட்டா?"

"அது தரைய வச்சுப் பாத்தாத்தாண்ணே. ரெண்டு வண்டியும் ஒரே வேகம். நமக்கு நடுவுல வேகமே இல்ல." ரயிலுக்குள், திறந்த கதவருகே நின்ற அறிவியல் ஆசிரியை, நிரம்பிய தேநீர்க் குவளையை அவரிடம் நீட்டினார். சொட்டுகூடச் சிந்தவில்லை.

"சரி, பஸ்ல ஏறுற மாதிரி ஓடி ஏறுடி!"

"ஐயோ, ஓடாதம்மா, முட்டிக்குவ! ரூம் மாறுற மாதிரி சும்மா நட."

ஜெனிபா நடந்தாள். கதவு மூடியது. பெருமூச்சு விட்ட சகாயராஜ், மகளின் கையை விடாமல் தானும் ரயிலுக்குள் வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தார்.

"அப்பா, நீயும் ஸ்கூலுக்கு வர்றியா?"