இரண்டாவது நாற்காலி

"கதவத் திறப்பா, நான் வளந்துட்டேன்!"

இந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்காத வாய் கிடையாது. இருபத்தைந்து வருடம் முன்பு வந்த படம். ஐந்து வயதுச் சிட்டு, கதவைத் தட்டித் தட்டிச் சொன்னது. மொத்தம் ஏழே படம். ஒன்பது வயதில் சினிமாவுக்கு முழுக்குப் போட்டவள், இப்போது லிஃப்ட் மெக்கானிக்.

படத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு அவளை அழைக்க, டிவி தயாரிப்பாளர் ஒரு வருடம் நடையாய் நடந்தார். முடியவே முடியாது என்றவள், போன மாதம் திடீரென்று சரி என்றாள். விடுவாரா? 'அதே வசனம், அதே சிட்டு, நேரடி ஒளிபரப்பு' என்று தினமும் விளம்பரம்.

வந்தவள் ஒரு அம்மாளையும் கூட்டி வந்தாள். அறுபது வயதிருக்கும்.

"மேடையில எனக்குப் பக்கத்துல இவங்களுக்கும் ஒரு நாற்காலி வேணும் சார்."

"உங்க அம்மாவா?"

"இல்ல. வேண்டியவங்க."

"முன் வரிசையில உட்காரட்டுமேம்மா."

"அப்ப நானும் அங்கேயே உட்கார்ந்துக்கறேன்."

வேறு வழியில்லாமல் நாற்காலி போட்டார்கள்.

"ஏழு படத்துக்கே இவ்வளவு பந்தா," தயாரிப்பாளர் உதவியாளரிடம் பல்லைக் கடித்தார். "ஸ்கூல் விழாவுல கேட்டப்பகூட அந்த வசனத்தைச் சொல்ல மாட்டேன்னாளாம். இன்னிக்கும் மறுத்தா என் வேலை போச்சு."

சிட்டு மேடையேறியதும் அரங்கமே எழுந்து நின்றது. விசில் காதைப் பிளந்தது. நடு மேடையில் படத்தில் வந்த அதே நீலக் கதவு. "வசனம், வசனம்" என்று ஒரே கூச்சல். தொகுப்பாளர் மைக்கை நீட்டினார்.

வாங்கிய சிட்டு, அதை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டுக் கதவருகே போனாள்.

"கெடுத்தா காரியத்தை," என்று தயாரிப்பாளர் தலையில் கை வைத்தார்.

சிட்டு கதவை மூன்று முறை தட்டி, வாயைத் திறந்தாள்.

"கதவத் திறப்பா, நான் வளந்துட்டேன்!"

அதே குரல். அதே ஐந்து வயது மழலை. வந்தது நாற்காலியிலிருந்து.

கூரை பறக்கிற மாதிரி ஆரவாரம்.

தயாரிப்பாளர் மேடைக்கே ஓடி வந்துவிட்டார். "டப்பிங்கா? இவங்களை எங்கேம்மா பிடிச்சே?"

"போன மாசம் ஒரு லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. சரிபண்ணப் போனேன். உள்ளேயிருந்து 'கதவத் திறப்பா'ன்னு கூப்பிட்டாங்க. கேட்டதுமே படத்துல எனக்குக் குரல் கொடுத்தவங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"முன்னாடியே சொல்லியிருந்தா விளம்பரத்துலயே போட்டிருப்பேனே. இதுல உனக்கு என்னம்மா லாபம்?"

"நான் வாயை மட்டும்தான் சார் அசைச்சேன். இவங்களுக்கு வர வேண்டிய கைதட்டல் இருபத்தஞ்சு வருஷமா என்கிட்டயே இருந்துச்சு. கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."