கண்ணோரப் பொன்

"சீதனம் எண்டு ஒரு சதமும் வேண்டாம். கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை உத்தியோகத்தை மட்டும் விடக்கூடாது" என்றார் மாப்பிள்ளையின் தாய் குணபூசணி.

வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. செந்தூல் ரயில் பட்டறைத் தொழிலாளி வீட்டுக்கு, பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணக் குடும்பம் பெண் கேட்டு வந்திருக்கிறது! மூன்று தலைமுறையாகக் கவர்மெண்டு நாற்காலியைத் தேய்த்த குடும்பம்!

"உங்களுக்குப் பெரிய மனசும்மா. எங்க ஆளுங்களே கார் வேணும்னு நிக்கிறாங்க லா."

குணபூசணி, பெண் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரி லேப்பில வேலை நிரந்தரம்தானே?"

"போன வருசமே கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க ஆன்டி" என்றாள் தவமணி.

குணபூசணியின் முகம் மலர்ந்தது. பெண்ணின் நிறம், ஜாதகம், சமையல் எதையும் அவர் கேட்கவில்லை.

தவமணி மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். தன் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். கடைக்கண்ணால் பார்க்க அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது வயது சீவரத்தினத்தின் இரண்டு கண்ணோரமும் மஞ்சளாகத் தடித்திருந்தன.

"என்ன பார்க்கிறீர்? அது பொன் பிள்ளை!" குணபூசணி பெருமையோடு சிரித்தார். "எங்கட வீட்டு ஆம்பிளைகளுக்குக் கண்ணோரத்தில பொன் பூக்கும். இவன்ர அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, அப்பப்பாவுக்கு... எல்லாரும் சீஃப் கிளார்க்!"

"அவங்கல்லாம் இப்ப எங்க ஆன்டி?"

"சிவபதம் அடைஞ்சிட்டினம்."

"எத்தனை வயசுல?"

வேலாயுதம் மகளின் கையைக் கிள்ளினார்.

"என்ர மனிசன் நாப்பத்தொண்டில. அவற்ர தமையன் அதுக்கும் முன்னால. நெஞ்சுவலி. நாற்காலியில இருந்து வேலை பார்க்கிற ஆக்களுக்கு வாறதுதானே!" இதையும் அவர் பதவி உயர்வு போலத்தான் சொன்னார்.

"ஆன்டி, அது பொன் இல்ல. கொழுப்பு."

"வாய மூடு புள்ள!" என்றார் வேலாயுதம்.

அவள் மூடவில்லை. "ரத்தத்துல இருக்கிற கொழுப்பைக் கல்லீரல்தான் இழுத்துக்கணும். சிலருக்குப் பிறவியிலேயே அது சரியா நடக்காது. கண்ணோரத்துல படியற மாதிரி இருதயக் குழாயிலயும் படிஞ்சு அடைச்சிடும். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வரலாம். இப்ப மருந்து இருக்கு. கல்யாணம் நடக்குதோ இல்லையோ, நாளைக்கே இவரை ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க!"

சீவரத்தினம் கையிலிருந்த நெய் வழியும் கேசரியைக் கீழே வைத்தான்.

போச்சு, சம்பந்தம் போச்சு என்று வேலாயுதம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குணபூசணி கோபப்படவில்லை. எழுந்து வந்து தவமணியின் தலையை ஆசையாய்த் தடவினார்.

"தெரியும் பிள்ளை. மனிசன் செத்த அண்டைக்கே டாக்டர் சொன்னவர். என்ர மாமி நர்ஸ், நான் டீச்சர், இவன்ர பெரியப்பாவின்ர மனிசி தபால் கந்தோரில வேலை. எல்லாருக்கும் பென்ஷன். ஆம்பிளை போனாலும் வீட்டில அடுப்பு எரிய வேணும். அதுக்குத்தானே, சீதனமும் வேண்டாம், சாதியும் வேண்டாம் எண்டு உம்மைத் தேடி வந்தனாங்கள்!"